எடை போட்டது போதும், சுறாவை அளந்து பார்ப்போம்

போன மாதம் நம் வட்டாரக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. சுறா பிடிப்பதை அரசு முழுமையாகத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். கொண்டு வந்தவர் நல்ல பையன். வேலையை விட்டுவிட்டு அப்பாவின் வயலுக்கு வந்து, நாலு வருசமாக உப்பு உரம் ஒரு மூட்டைகூட வாங்காமல் கிச்சலிச் சம்பா போடுகிறவர். கைபேசியில் ஒரு படம் காட்டினார். துடுப்புகளை அறுத்துவிட்டு உயிரோடு கடலில் தள்ளிய சுறா ஒன்று, நீந்த முடியாமல் உருண்டு உருண்டு தரையில் போய் விழுகிறது. பார்த்தவர்கள் 'ச்சே' என்றார்கள். எல்லாரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை.

"என்ன சார், நீங்களே இப்படி?" என்று தம்பி கேட்டார். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, பேச வாய்ப்பில்லை. ஒருவர் ஒப்பாவிட்டாலும் விவாதிக்க வேண்டும் என்பது நம் வழக்கம். தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

படம் பொய் இல்லை. பல கடல்களில் அது நடந்தது, இன்றும் ஒளிந்து மறைந்து நடக்கிறது. சுறாவின் கறி மலிவு. துடுப்பு (நம் கரையில் பீலி என்பார்கள்) கிலோ விலையில் கறியைப் போலப் பல மடங்கு. மாதக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கிற கப்பலில் ஐஸ் அறை இடம் கொஞ்சம்தான். சூரை மீனுக்கு வைத்திருக்கிற இடத்தில் சுறாக் கறியை எதற்கு அடைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, பீலியை அறுத்துக் காயப்போட்டுக்கொண்டு உடலைத் தள்ளிவிடுகிறார்கள். எல்லாம் விருந்து மேசையில் ஒரு சூப்புக்காக. அந்தப் பீலிக்குச் சொந்தமாக ருசிகூடக் கிடையாதாம். கோழிச் சாறு ஊற்றித்தான் ருசி ஏற்றுகிறார்கள்.

ஆனால் நம் கரைக்குச் சுறா பெரும்பாலும் முழுசாகத்தான் வருகிறது. காரணம் நாம் கறியைத் தின்கிறவர்கள். புட்டு, குழம்பு, கருவாடு, பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா. நான் மீன் அமிலத்துக்குக் கழிவு வாங்க இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தூத்துக்குடிப் பக்கம் டிரம்மோடு போகிறவன். அங்கே பழக்கமான மீனவர் ஒருவர், என் வயசுக்காரர். தம்பி காட்டிய படத்தை அவரிடம் காட்டினேன். "கறியைக் கடல்ல போட்டுட்டு வர எங்களுக்கு என்ன கிறுக்கா அண்ணாச்சி? ஒரு மீனுக்கு எவ்வளவு டீசல் எரிக்கோம்" என்றார். அப்புறம் அவரே சொன்னார்: "ஆனா பீலிக்காரன் வந்த பிறகுதான் பெரிய மீனா தேடிப் போனோம். அதையும் மறைக்கக் கூடாது."

இந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை யோசிக்க வைத்தது.

2015 பிப்ரவரியில் நம் நாடு சுறாத் துடுப்பு ஏற்றுமதியை முழுக்கத் தடை செய்தது. அதற்கு முன்பு பீலி வியாபாரி ஏலத் தளத்துக்கே வருவார், கையில் டேப் இருக்கும் என்று அவர் சொன்னார். முதுகில் நிற்கும் பெரிய துடுப்பு ஒன்று, மார்புத் துடுப்பு இரண்டு, வாலின் கீழ்ப்பகுதி ஒன்று: இது ஒரு 'செட்'. எத்தனை இஞ்சு என்று பார்த்துத் தரம் பிரிப்பார். இஞ்சு கூடக் கூட, கிலோவுக்கே விலை கூடும். அதாவது இருபது கிலோச் சுறா ஐந்து பிடிப்பதைவிட நூறு கிலோச் சுறா ஒன்று பிடித்தால் லாபம்.

சுறாவில் பெரும்பாலான இனங்களில் பெட்டைதான் ஆணைவிடப் பெரிசு. மத்தி, நெத்திலி மாதிரி லட்சக்கணக்கில் முட்டை விட்டுவிட்டுப் போகிற சாதி இல்லை அது. பெரிய சுறாக்களில் பலதும் ஏறக்குறைய ஒரு வருசம் வயிற்றில் சுமந்து, கொஞ்சம் குட்டிகளை மட்டும் ஈனுகின்றன. பருவத்துக்கு வரவே பத்து வருசம், பதினைந்து வருசம் பிடிக்கும். கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். பீலிக்காரர் எதற்கு அதிக விலை கொடுத்தார்? தாய்க்கு. ஆட்டுக் கிடையில் சினையாட்டை மட்டும் பொறுக்கி எடுத்து, அதற்குக் கூடுதல் விலை கொடுத்தால் கிடை எத்தனை வருசம் நிற்கும்? பால் மாடு வைத்திருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, சுறாவை அளப்பது புது விஷயம் இல்லை. அளவு நாடா ஏற்கெனவே வியாபாரி கையில் இருந்தது. அழிப்பதற்குப் பயன்பட்ட அதே நாடாவைக் காப்பதற்குப் பயன்படுத்தலாமா என்பதுதான் கேள்வி. உலகத்தில் சில இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். முதலில் தப்பாகச் செய்தார்கள். அதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தப்பு நமக்கு நன்றாகப் பழக்கமான தப்பு.

நெல் கொள்முதலில் ஒரு விகிதம் உண்டு. அரசு நெல்லை அரவை ஆலைக்குக் கொடுத்தால், நூறு கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசி 68 கிலோ, பச்சரிசி என்றால் 67 கிலோ திரும்பி வரவேண்டும். ஆலையில் யாரும் நின்று ஒவ்வொரு மூட்டையும் அரைபடுவதைப் பார்ப்பதில்லை. விகிதம்தான் காவல்காரன். சுறாவுக்கும் அப்படி ஒரு விகிதம் வைத்தார்கள். அமெரிக்காவில் 1993-ல், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2003-ல். கரைக்கு வரும் துடுப்பின் எடை, சுறா உடலின் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. துடுப்பைத் தனியாக அறுத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு ஈடான உடலும் கப்பலில் இருக்க வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? எந்த எடையில் 5 சதவீதம் என்று கேளுங்கள். அமெரிக்காவில் தலையும் குடலும் நீக்கிய உடலின் எடை. ஐரோப்பாவில் முழுச் சுறாவின் எடை. தலையும் குடலும் போனால் எடை பாதிக்குப் பக்கம் வந்துவிடும். ஒரே 5 சதவீதம், ஓரிடத்தில் மற்ற இடத்தைப் போல இரண்டு மடங்கு தாராளம். அடுத்து, ஈரப் பீலியா, காய்ந்த பீலியா? கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்காக நெல்லைத் தார்ச்சாலையில் மூன்று நாள் கிண்டிக்கொண்டு நின்றவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். மூன்றாவது, எந்தச் சுறா? நீலச் சுறாவுக்குத் துடுப்பு பெரிசு. வேறு பல இனங்களில் விலை போகிற துடுப்புகள் முழு எடையில் 2 சதவீதம் பக்கம்தான் வரும்.

கடைசியில் சொன்னதை வைத்து ஒரு கணக்கு. நூறு கிலோச் சுறா ஐந்து பிடிக்கிறான் ஒருவன். உண்மையான பீலி ஆளுக்கு 2 கிலோ, மொத்தம் 10 கிலோ. இரண்டு உடலை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றைக் கடலில் தள்ளுகிறான். கரையில் நிறுத்துப் பார்க்கிறார்கள். உடல் 200 கிலோ, அதில் 5 சதவீதம் 10 கிலோ. சரியாக இருக்கிறது, போ என்கிறார்கள். சட்டத்தை ஒரு எழுத்துகூட மீறாமல் மூன்று சுறாவைக் கொன்று வீசியாகிவிட்டது. போதாததற்கு, ஐரோப்பிய விதியில் துடுப்பை ஒரு துறைமுகத்திலும் உடலை இன்னொரு துறைமுகத்திலும் இறக்கவும் அனுமதி வாங்கலாம். எந்த அதிகாரி எதை எதனோடு ஒப்பிடுவார்?

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வங்கியில் சேர்ந்த புதிதில் ஒரு கிட்டங்கிக்குச் சரக்கு இருப்பு பார்க்கப் போனேன். நெல் மூட்டைகளின் மேல் கடன். வெளி வரிசையை எண்ணினேன், உயரத்தை எண்ணினேன், பெருக்கினேன், மூட்டைக்கு இத்தனை கிலோ என்று இன்னொரு பெருக்கல். கையெழுத்துப் போட்டேன். கடன் வாராக் கடன் ஆன பிறகு கிட்டங்கியைத் திறந்தால் வெளி இரண்டு வரிசை நெல், உள்ளே அத்தனையும் உமி. பெருக்கல் தப்பே இல்லை. பெருக்கப்பட்ட பொருள்தான் இல்லை. என் மேலாளர் அன்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "கம்பியைக் குத்திப் பார்த்தீரா?" அவ்வளவுதான் கேட்டார்.

சுறா விஷயத்தில் கம்பியைக் குத்திப் பார்ப்பது என்றால், துடுப்பு உடலோடு ஒட்டியபடியே கரைக்கு வரவேண்டும் என்பது. அறுப்பது எல்லாம் கரையில். அப்போது விகிதமும் வேண்டாம், பெருக்கலும் வேண்டாம். அமெரிக்கா அந்த இடத்துக்கு வந்தது ஒரு பெரிய அவமானத்துக்குப் பிறகு. 2002-ல் பசிபிக் கடலில் 'கிங் டைமண்ட் 2' என்ற கப்பலை நிறுத்திப் பார்த்தார்கள். உள்ளே சுமார் 29 டன் துடுப்பு. ஒரு உடல் இல்லை. மற்றக் கப்பல்களிடம் நடுக்கடலில் விலைக்கு வாங்கிச் சேர்த்தது. வழக்கு 2008 வரை நடந்தது. சட்டம் 'மீன்பிடிக் கப்பல்' என்று எதைச் சொல்கிறதோ அதில் இந்தக் கப்பல் வராது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 29 டன் பீலியும் வாங்கியவனுக்கே! அந்த ஓட்டையை அடைக்க 2010-ல் புதுச் சட்டம். ஐரோப்பா 2013-ல் விகிதத்தைக் கைவிட்டது. அதே 2013 ஆகஸ்டில் நம் சுற்றுச்சூழல் அமைச்சகமும் துடுப்பு ஒட்டியபடிதான் சுறா கரைக்கு வரவேண்டும் என்று கொள்கை வகுத்தது. நம் மீனவர்களுக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை, முன்பே அப்படித்தான் கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். (அமெரிக்கச் சட்டத்திலும் ஒரு சின்னச் சுறாவுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்து 12 சதவீதம் என்று மறுபடி விகிதத்தைக் கொண்டு வந்து வைத்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனால்கூட விடமாட்டார்கள் போல.)

முழு உடல் கண் முன்னால் கிடந்தால்தான் நாடாவுக்கு வேலை. இனி அளவுக்கு வருகிறேன்.

முதலில், அறுந்து போன துடுப்பே கையில் கிடைத்தாலும் அளவு பேசும். உலக வணிக ஒப்பந்தமான சைட்டிஸ், 2013-ல் பாங்காக் மாநாட்டில் கொம்பன் சுறாக்களில் மூன்றையும் வேறு சில சுறாக்களையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. சுங்க அதிகாரிக்கு எது கொம்பன் பீலி, எது வேறு பீலி என்று எப்படித் தெரியும்? டெப்ரா அபர்கிராம்பி, டெமியன் சாப்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து சொன்ன வழி எவ்வளவு எளிது பாருங்கள். முதல் முதுகுத் துடுப்பை எடுங்கள். வெள்ளைக் குறி இல்லாமல் வெளிர் பழுப்பாக இருந்தால், அடி தொடங்கும் இடத்திலிருந்து நுனி வரை அளங்கள். அந்த நீளத்தின் பாதியில் துடுப்பின் அகலத்தை அளங்கள். நீளத்தை அகலத்தால் வகுங்கள். இரண்டரை, அல்லது அதற்கு மேல் வந்தால் கொம்பன். கொம்பனின் துடுப்பு நெட்டையாக, ஒல்லியாக நிற்கும், அவ்வளவுதான் சூத்திரம். தையல்காரர் நாடாவும் ஐந்தாம் வகுப்பு வகுத்தலும் போதும்.

இரண்டாவது, துடுப்பிலிருந்து சுறாவின் எண்ணிக்கைக்குப் போகலாம். சுறாவுக்கு முதல் முதுகுத் துடுப்பு ஒன்றே ஒன்றுதான். மூட்டையை நிறுத்தால் கிலோதான் தெரியும். முதல் முதுகுத் துடுப்புகளை எண்ணினால் தலைக்கணக்கு தெரியும். ஒவ்வொன்றையும் அளந்தால், அந்த இனத்தின் துடுப்புக்கும் உடலுக்கும் உள்ள பொருத்தத்தை வைத்து எவ்வளவு பெரிய சுறா என்றும் சொல்லிவிடலாம். ஷெல்லி கிளார்க் என்ற ஆராய்ச்சியாளர் ஹாங்காங் ஏல வியாபாரத்தின் பதிவுகளை எடுத்து, துடுப்பின் அளவையும் எடையையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார். 2006-ல் வெளியிட்டார். பீலிச் சந்தைக்காக வருசத்துக்கு 2.6 கோடியிலிருந்து 7.3 கோடி வரை சுறா. எடைக் கணக்கில் பார்த்தால், நாடுகள் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்புக்கு எழுதிக் கொடுத்த சுறாப் பிடிப்பைப் போல மூன்று நாலு மடங்கு. அரசாங்கங்களின் ஏட்டில் இல்லாத சுறா வியாபாரியின் ஏட்டில் இருந்திருக்கிறது. வங்கிக்காரனுக்கு இது புதுசா என்ன!

இப்போது நம் ஊர் விஷயம். 2018-ல் மும்பையிலும் குஜராத்தின் வேராவலிலும் வருவாய்ப் புலனாய்வுத் துறை கைப்பற்றிய துடுப்பு சுமார் 8 டன். ஏற்றுமதித் தடை வந்து மூன்று வருசம் கழித்து! எட்டு டன் என்று பேப்பரில் வருகிறது, படித்துவிட்டுப் போகிறோம். ஏற்றுமதி சட்டப்படி நடந்த காலத்தில் அரைகுறையாகவேனும் ஒரு கணக்கு இருந்தது. இப்போது பிடிபட்டால்தான் கணக்கு. தடை தப்பு என்று நான் சொல்லவில்லை. தடையோடு வேலை முடிந்தது என்று நினைப்பது தப்பு. பீலிக்கு வெளிநாட்டுக் கதவை அடைத்த பிறகும் சுறா கரைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது, கறிக்காக. அந்தக் கறியைத் தின்பவர்கள் நாம்.

அதில் நானும் ஒருவன். என் மகளுக்குப் பிரசவம் ஆனபோது பால் சுறா வாங்கப் போனேன். கூடையில் சாம்பல் நிறத்தில், முழங்கை அளவுக்குக் கொஞ்சம் கூட, ஏழெட்டுக் கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி. என் மீனவ நண்பர் கூடையிலிருந்து இரண்டை எடுத்துக் கீழே போட்டார். "இது பால் சுறா. பெருத்த மீன், இதுக்கு மேல பெருசா வளராது. இது கருமுனை. குட்டி." கருமுனையைப் புரட்டி, இரண்டு மார்புத் துடுப்புக்கும் நடுவில் விரலை வைத்துக் காட்டினார். சின்னதாக ஒரு கீறல். தொப்புள். தாய் வயிற்றில் கொடியோடு ஒட்டி வளர்ந்த குட்டி அது. பிறந்து கொஞ்ச நாள் வரை அந்தத் தழும்பு மூடாது. சந்தையில் எல்லாக் குட்டியும் பால் சுறாதான். நான் பால் சுறாவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். கருமுனையை அடுத்து வந்தவர் வாங்கிப் போனார்.

அதனால்தான் 'இத்தனை செ.மீ.க்குக் கீழே சுறா பிடிக்காதே' என்று பொத்தாம் பொதுவாக ஒரு எண் வைக்க முடியாது. பால் சுறா 75 செ.மீ.யில் பல ஈற்று ஈன்ற கிழவியாகக்கூட இருக்கும். கொம்பனில் 75 செ.மீ. என்றால் பால்குடி மறக்காத வயசு. நம் கடலில் வரும் கொம்பன் பெட்டை பருவத்துக்கு வர இரண்டு மீட்டரைத் தாண்ட வேண்டும். பெயர் முதலில், நாடா அப்புறம். பெயர் சொல்ல நம் மீனவரைவிடப் பெரிய நிபுணர் யார்? கேரளம் 58 வகை கடல் மீன்களுக்கு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது, மத்திக்கு 10 செ.மீ. அது மத்திக்குச் சரி. சுறாவுக்கு அந்த வழியில் பாதி தூரம்தான் போகலாம்.

மீதிப் பாதியை ஆஸ்திரேலியாவில் பார்க்கலாம். அங்கே தெற்குக் கரையில் 'கம்மி' என்று ஒரு சின்னச் சுறா, பொரித்த மீன் கடைகளுக்குப் போவது. கடலிலேயே தலையை எடுத்துவிடுவார்கள் என்பதால், கடைசிச் செவுள் பிளவிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளக்கிறார்கள். 45 செ.மீ.க்குக் குறைந்தால் கூடாது. அதோடு விடவில்லை. வலைக்கண்ணை 6 முதல் 6½ இஞ்சுக்குள் கட்டுப்படுத்தினார்கள். சின்னக் குட்டி நுழைந்து போய்விடும், நடுத்தரம் மாட்டும், பெருத்த தாய் கண்ணியில் தலை நுழையாமல் முட்டிக்கொண்டு திரும்பிவிடும். தாயை விட்டுவைத்தார்கள். பல பத்தாண்டுகளாக அந்தச் சுறாத் தொழில் நடக்கிறது, சுறாவும் இருக்கிறது. சுறா பிடிப்பது என்றாலே அழிவு என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பீலிக்காரரின் விலைப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்தது மாதிரி இருக்கிறது இந்த விதி. அவருக்கு எது உச்ச விலையோ, அது வலைக்கு வெளியே.

தம்பி என்ன கேட்பார் என்று தெரியும். வலையில் மாட்டி ஏலத் தளத்துக்கு வந்தது செத்த மீன். செத்ததை அளந்து என்ன ஆகப் போகிறது? நியாயமான கேள்வி. இழுவை மடியில் வருகிற குட்டி, மேலே வரும்போதே போய்விடுகிறது. அளந்தால் அந்தக் குட்டி பிழைக்காது. ஆனால் எந்த மாதத்தில், எத்தனை பாகத்தில், எந்தப் பாரின் அருகே தொப்புள் மூடாத குட்டிகள் கூட்டமாக வருகின்றன என்பது ஒரு நோட்டில் ஏறும். இரண்டு வருச நோட்டு இருந்தால் போதும், ஈனும் இடமும் காலமும் தெரிந்துவிடும். அந்த இடத்தை அந்த மாதத்துக்கு மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்கலாம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலத்தை ஏற்றுக்கொண்டவர்கள்தானே அவர்கள்.

நோட்டு இல்லாமல் சட்டம் மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2001 ஜூலையில் மத்திய அரசு சுறா, திருக்கை எல்லாவற்றையும் ஒரேயடியாக வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் போட்டது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு. கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கத்து ஊர்கள், அரபிக் கடல் முழுக்கச் சுறாத் தூண்டிலோடு சுற்றி வருகிறவர்கள், ஒரு காலையில் எழுந்து பார்த்தால் குற்றவாளிகள். போராட்டம் வெடித்தது. அதே டிசம்பரில் பட்டியல் 10 இனங்களாகச் சுருங்கியது. முதலில் எல்லாம், பிறகு பத்து. இரண்டு முடிவுக்கும் நடுவில் எந்த மீனவர் சங்கத்தையும் கூப்பிட்டு, நீங்கள் எதை எவ்வளவு பிடிக்கிறீர்கள் என்று உட்கார்ந்து கேட்டிருந்தால் அந்த ஆறு மாதக் கூத்து நடந்திருக்காது. அந்தப் பத்தில் ஒன்றின் பெயரே புதுச்சேரிச் சுறா. அங்கே கிடைத்ததை வைத்துப் பெயரிட்டது. பல பத்தாண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லை. வேளா மீனும் பட்டியலில் உண்டு. என் நண்பர் சின்ன வயசில் பார்த்திருக்கிறார், நான் படத்தில்தான் பார்த்தேன்.

இப்போது 2022 திருத்தச் சட்டத்தால் பட்டியல் மறுபடி நீண்டிருக்கிறது. பட்டியலில் உள்ளது தற்செயலாக வலையில் விழுந்து செத்துப் போனால் என்ன செய்வீர்கள் என்று நண்பரிடம் கேட்டேன். "என்ன செய்ய? கரைக்குக் கொண்டாந்தா கேஸு. அங்கனயே தள்ளிட்டு வாறோம்" என்றார். மீனும் போச்சு, கணக்கும் போச்சு. நான் சட்டம் போடுகிறவனாக இருந்தால், தற்செயலாக வந்ததைக் கரையில் காட்டி, பெயர், நீளம், ஆணா பெண்ணா எழுதிவிட்டு, விற்காமல் ஒப்படைப்பவருக்கு வழக்கு இல்லை என்று ஒரு வரி சேர்ப்பேன்.

எழுதுவது கஷ்டமான வேலையும் இல்லை. மீனை நேராகக் கிடத்தி, தரையில் நாடாவைப் போட்டு, மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை. நாடாவை உடல் மேல் வளைத்துப் போட்டால் அளவு கூடிவிடும். வால் நுனி வரை அளந்தால் நுனி கிழிந்திருக்கும். ஆணுக்கு வயிற்றடித் துடுப்போடு இரண்டு குழல் மாதிரி உறுப்பு இருக்கும். வளைந்து கொடுத்தால் இளசு, கெட்டியாக நின்றால் பருவம் வந்தது. பெண்ணுக்கு வயிற்றைக் கிழிக்கும்போதே தெரிந்துவிடும். ஏலம் கூறுகிறவர் விலையை எழுதுகிற நோட்டில் இன்னும் நாலு கட்டம் போட்டால் முடிந்தது. அந்த நோட்டு சங்கத்திடம் இருக்கட்டும். துறைக்காரர்களும் ஆராய்ச்சி நிலையத்தாரும் வந்து நகல் எடுத்துக்கொள்ளட்டும். நம் பங்கேற்பு உத்தரவாதக் குழுவில் பக்கத்து வயல்காரர் வந்து நம் வயலைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாரே, அதுபோலப் பக்கத்துப் படகுக்காரர் கையெழுத்துப் போடட்டும். இராமநாதபுரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப் படகுக்கு நாலு நாள் என்று பேசி வைத்துக்கொண்டவர்களுக்கு இது முடியாதா? மீறல் நடக்காது என்று சொல்ல வரவில்லை. நம் குழுவிலும் ஒருவர் யூரியா மூட்டையோடு பிடிபடவில்லையா?

வங்கியில் இருந்தவரை ஊரில் எல்லாருக்கும் நான் படிவம் நீட்டுகிறவன். வயலுக்கு வந்த பிறகுதான் படிவம் நீட்டப்படுகிறவன் எப்படி இருப்பான் என்று தெரிந்தது. நம்மைக் கேட்காமல் நம் விதையைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் எவனோ சட்டம் போட்டால் தெருவுக்கு வருகிறோம். மீனவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் அவர் கடலைப் பற்றி நாம் தீர்மானம் போட்டு அனுப்புவதற்கு எனக்குக் கை எழவில்லை, தம்பி. உங்கள் கோபத்தின் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

தீர்மானத்தை மாற்றி எழுதி வட்டாரச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். சுறா துடுப்போடு முழு உடலாகவே கரைக்கு வரும் விதியைக் கறாராக நடத்துவது. ஏலத் தளத்தில் பெயரும் நீளமும் பதிவது. பிடிபடும் பீலியை எடையோடு விடாமல் எண்ணி அளந்து வெளியிடுவது. பெரிய தாய்ச் சுறாக்களுக்கு மேல் அளவு ஒன்றை மீனவர் சங்கங்களோடு உட்கார்ந்து முடிவு செய்வது. அடுத்த கூட்டத்துக்கு என் நண்பர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். காற்று கடல் பார்த்துத்தான் வருவார், அதனால் அவர் பேச்சை முதலில் வைத்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் போகும்படி வைக்க வேண்டாம், மறுநாள் விடிகாலை அவருக்குக் கடல்.